தண்ணீர் துடைக்கப்பட்டது

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் ஆஸ்பத்திரி நிர்வாகி தனபால் அவர்களே, மேடையில் இருக்கும் மருத்துவர்களே, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்கும் செவிலியர்களே, கொட்டச்சேட்டிலிருந்து இந்த மழையிலும் ஜீப் பிடித்து வந்திருக்கும் ஊர்க்காரர்களே, முன்வரிசையில் இருக்கும் வெள்ளையன் அவர்களே, அம்மா இளவரசி, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் ஜாபெஸ். இருபத்தாறு வருடமாக இந்த ஏற்காட்டில் ஸ்லைடு பார்க்கும் டாக்டர். நோயாளிகளில் பாதிப் பேருக்கு என்னை முகம் தெரியாது. நான் உள்ளறையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு கிடப்பவன். ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். இன்றைக்கும் கோபமாகத்தான் வந்திருக்கிறேன். யார் மேல் என்பதைக் கடைசி வரைக்கும் கேட்டால் தெரியும்.

ஒன்பது நாளுக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நம் புஷ்பலதா அம்மா போய்விட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து சரிந்தார். பத்தடி தூரத்தில் நான் இருந்தேன். சுற்றிலும் டாக்டர்கள், பக்கத்துக் கட்டடத்தில் ஆக்ஸிஜன். இருந்து என்ன பிரயோஜனம்? அந்த அம்மாவைக் காப்பாற்ற முடிந்ததா? முடியவில்லையே!

இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் 'லேப் டெக்னீஷியன் திருமதி புஷ்பலதா' என்று போட்டிருக்கிறார்கள். தனபால் மேல் தப்பில்லை, ஃபைலில் உள்ளதைப் போட்டிருக்கிறார். ஆனால் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவருக்கு, அந்தப் பேருக்கு முன்னால் 'முதுநிலை' என்று ஒரு சொல் ஏன் இல்லை? அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் முதுநிலை ஆன பிறகும் அவர் ஏன் ஆகவில்லை? இங்கே பல பேருக்கு ஒரு காரணம் தெரியும். அந்தக் காரணம் பொய். அதைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன்.

அதற்கு முன்னால் அவர் செய்த வேலை என்னவென்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவருடைய கணவர் வெள்ளையன் அவர்களே என்னிடம் ஒருமுறை, "ஏனுங்க டாக்டரு, எங்க ஊட்டுக்காரி அங்க என்னதானுங்க பண்றா? கேட்டா மெழுகு சீவறேங்கறா" என்று கேட்டிருக்கிறார்.

உடம்பில் ஒரு கட்டி. சர்ஜன் அதிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பாட்டிலில் போட்டு அனுப்புவார். அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று நான் சொல்ல வேண்டும். அந்தத் துணுக்கை அப்படியே மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது! அதை மருந்தில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் ஈரத்தை எடுத்து, மெழுகில் புதைத்து, அந்த மெழுகுக் கட்டியை மெஷினில் மாட்டி, வெங்காயச் சருகை விட மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவினது சுருங்கியிருக்கும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டால் சுருக்கம் பிரியும். பிரிந்ததைக் கண்ணாடியில் ஏந்தி, காயவைத்து, நீலச் சாயமும் ரோஸ் சாயமும் ஏற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் என் படிப்புக்கு வேலை. அதுவரைக்கும் எல்லாம் புஷ்பலதா அம்மாவின் கை.

டிசம்பர், ஜனவரியில் நம் குளிரில் மெழுகு விறைத்துப்போய் உதிரும். அப்போது அவர் என்ன செய்வார் தெரியுமா? மெழுகுக் கட்டிக்குக் கிட்டத்தில் வாயைக் கொண்டுபோய் 'ஹா' என்று மூச்சு விடுவார். ஒரே ஒரு மூச்சு. உடனே சக்கரத்தைச் சுற்றுவார், ரிப்பன் மாதிரி வரும். "என்ன புஷ்பா, நோயாளிக்கு மந்திரிக்கிறியா?" என்று நான் கிண்டல் பண்ணுவேன். "நீங்க வந்து சுத்திப் பாருங்க சார், அப்பத் தெரியும்" என்பார். ஒரு நாள் சுற்றியும் பார்த்தேன். ரிப்பனா வந்தது? தேங்காய்த் துருவல் வந்தது!

சாயமும் அப்படித்தான். அந்த நீலச் சாயம் முதலில் சிவப்பாகத்தான் ஒட்டும், தண்ணீரில் கிடந்துதான் நீலமாகும். சேலத்தில் குழாய்த் தண்ணீரில் இரண்டு நிமிடத்தில் ஏறுகிற நீலம் நம் மலைத் தண்ணீரில் ஏறப் பத்து நிமிடம் ஆகிறது. சேலத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், "மேடம், செவப்பாவே இருக்குது, மருந்து கெட்டுப்போச்சு" என்று பதறும். "மருந்தெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. தண்ணிக்கு நேரங்குடு" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நேரம் கொடுக்கத் தெரிந்தவர். எனக்குத்தான் அது தெரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு வருடத்துக்கு முன்னால், ஒரு டிசம்பர் மாதச் சனிக்கிழமை. அந்த வாரம் மார்பகக் கட்டிக்கு ஒரு முகாம் நடந்து, துணுக்குகள் வந்து குவிந்திருந்தன. எனக்கோ சேலத்தில் மச்சினன் மகளுக்கு நிச்சயதார்த்தம். அங்கிருந்து கோயம்புத்தூர், நான்கு நாள் லீவு. கார் வாசலில் நிற்கிறது, வீட்டுக்காரி போன் மேல் போன் போடுகிறாள்.

புஷ்பலதா அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தருடைய துணுக்கைச் சீவி, மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தியதும், அடுத்தவருடையதைத் தொடுமுன் அந்த வெந்நீரின் மேல்பரப்பை ஒரு காகிதத்தால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் ஒத்தித் துடைப்பார். ஏன்? முந்தினவருடைய சதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கலாம். அது அடுத்தவருடைய கண்ணாடியில் ஏறி ஒட்டிக்கொண்டால் ஒருத்தர் வியாதி இன்னொருத்தர் பேரில் போய்விடும். ஒவ்வொரு முறையும் துடைப்பார். துடைத்துவிட்டுக் குனிந்து வெளிச்சத்தில் பார்ப்பார். மறுபடி துடைப்பார்.

நான் போய் லேப் வாசலில் நின்றேன். என்ன சொன்னேன் தெரியுமா? அந்த வார்த்தையை அப்படியே சொல்கிறேன், ஒளிக்கவில்லை. "ஏம்மா, தண்ணியைத் தொடச்சிக்கிட்டே கெடந்தா நான் எப்ப சேலம் போய்ச் சேர்றது? மிச்சத்தைத் தொடைக்காம ஓட்டு. நான் சொல்றேன்ல!"

"சார், அது வந்துங்க..." என்று இழுத்தார். நான் கத்தினேன். அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுத் துடைக்காமல் ஓட்டினார்.

நான்கு மணிக்கு ஸ்லைடு என் கைக்கு வந்தது. வெள்ளக்கடை கிராமத்தில் எஸ்டேட் வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் ஸ்லைடு. அதில் நல்ல சதைக்குப் பக்கத்தில் புற்றுநோய்த் துணுக்கு ஒன்று, தூசியளவு. அது தனியாகக் கிடந்தது. அதைத் தெளிவாகப் பார்க்க லென்ஸைத் திருப்பினால் நல்ல சதை மங்குகிறது, நல்ல சதையைப் பார்த்தால் அது மங்குகிறது. இரண்டும் ஒரே சதை இல்லை, ஒன்று மேலே வந்து ஒட்டியது என்று முதல் வருடம் படிக்கிற பையன்கூடச் சந்தேகப்பட்டிருப்பான். நான் சந்தேகப்படவில்லை. நான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'புற்றுநோய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போனேன்.

அந்த அம்மாவுக்குப் புதன்கிழமை சேலத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். மார்பையே எடுத்துவிடும் ஆபரேஷன்.

புஷ்பலதா அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லையாம். இதை வெள்ளையன் அவர்கள் போன வாரம்தான் என்னிடம் சொன்னார். திங்கட்கிழமை முதல் ஆளாக லேபைத் திறந்து, தண்ணீரைத் துடைத்து, துடைக்காமல் ஓட்டியவற்றில் புற்றுநோய் என்று போன அந்த மெழுகுக் கட்டியை மறுபடி மாட்டி, ஆழத்துக்குப் போய்ச் சீவினார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு ஸ்லைடு! சாயம் ஏற்றிப் பார்த்தார். ஆறிலும் அந்தத் துணுக்கு இல்லை. டெக்னீஷியன் ரிப்போர்ட் எழுத முடியாது. ஆனால் முப்பதாயிரம் ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றின கண்ணுக்குத் தெரியாதா?

எனக்குப் போன் செய்தார். ஒருமுறை அல்ல, ஏழு முறை. மூன்றாவது முறை எடுத்தேன். "சார், வெள்ளக்கடைக்காரம்மா ஸ்லைடு..." என்று ஆரம்பித்தார். "லீவுல கூட நிம்மதியா விடமாட்டியா நீ?" என்று கட் பண்ணினேன். மிச்ச நான்கு முறையும் எடுக்கவில்லை.

சர்ஜனுடைய நம்பருக்கும் லைன் கிடைக்கவில்லை. புஷ்பலதா அம்மா என்ன செய்தார்? புதன்கிழமை விடியற்காலை முதல் பஸ். ஸ்லைடு உடையக் கூடாதே, எதில் வைப்பது? ஆறாவது படித்துக்கொண்டிருந்த மகளின் ஜாமெட்ரி பாக்ஸைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, பஞ்சை வைத்து, அதற்குள் ஆறு ஸ்லைடையும் அடுக்கினார். இளவரசி, உனக்கு நினைவிருக்கும். அன்றைக்கு நீ அழுதாயாம். அந்த டப்பா இன்றைக்கும் லேபில்தான் இருக்கிறது, கண்ணு. அதில்தான் உன் அம்மா பென்சில் போட்டு வைத்திருந்தார்.

இருபது கொண்டை ஊசி வளைவும் அந்த டப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே இறங்கினார். சேலம் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் விடவில்லை. சத்தமே போடத் தெரியாத அந்த அம்மா அங்கே வராந்தாவில் சத்தம் போட்டிருக்கிறார். "ஏனுங்க, உள்ள ஒரு பொம்பளைய தப்பா அறுக்கப் போறாங்க, உடுங்க என்னைய!" சர்ஜன் வெளியே வந்தார். அங்கிருந்த டாக்டர் ஸ்லைடைப் பார்த்தார். பச்சை கவுன் மாட்டிப் படுக்க வைத்திருந்த நோயாளியை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். அவருக்கு வெறும் சாதாரணக் கட்டி. அந்தப் பொடி முந்தின நோயாளியுடையது. அந்த முந்தின அம்மாவுக்குச் சரியான வைத்தியம் நடந்தது, இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்.

எழுப்பி அனுப்பப்பட்டவரிடம் என்ன சொன்னார்கள்? 'லேப்ல இருக்கற பொம்பளை சாம்பிளைக் கலந்துட்டா' என்றார்கள். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மலை முழுக்க அதுதான் பேச்சு.

விசாரணை வைத்தார்கள். அப்போதைய நிர்வாகம், தனபாலுக்கு முந்தினவர்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நானும் புஷ்பலதா அம்மாவும். "தண்ணீரை ஏன் துடைக்கவில்லை?" என்று கேட்டார்கள். "மறந்துட்டனுங்க" என்றார். "யாராவது துடைக்க வேண்டாம் என்று சொன்னார்களா?" என்று கேட்டார்கள்.

"யாரும் சொல்லலீங்க."

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஊரையே கூட்டிக் கத்துகிற இந்த வாய் அன்றைக்கு எங்கே போனது? மூன்று மாதம் சஸ்பெண்ட் என்றார்கள். இனிமேல் பதவி உயர்வு கிடையாது என்று ஃபைலில் எழுதினார்கள். அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். நான் மென்று முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வாரம் மனசு கேட்காமல் கொட்டச்சேட்டுக்குப் போனேன். களத்தில் காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். "ஏன் புஷ்பா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். அவர் கிளறுவதை நிறுத்தவில்லை.

"ஏனுங்க சார், உங்களத் தூக்கிட்டா இந்த மலைக்கு வேற டாக்டரு வருவாங்களா? வந்தாலும் இந்தக் குளுருக்கு ரெண்டு மாசம் நிப்பாங்களா? அப்பறம் ஒவ்வொரு கட்டிக்கும் இந்தச் சனம் சேலத்துக்கு நடையா நடக்கோணும். நடக்காம ஊட்டுலயே கெடந்து செத்துப் போகும். என்னைய அனுப்புனா மூணு மாசத்துல வந்துருவனுங்க. உங்கள அனுப்புனா வருவீங்களா?"

அவரே மறுபடி சொன்னார்: "நீங்க சொன்னாலும், தொடைக்காம உட்டது என் கைதானுங்களே. அது எனக்கு நொம்பத் தப்புங்க. இனிமே என்னைய அவசரப்படுத்தாதீங்க சார். அது போதும்."

எனக்காகச் செய்ததல்ல அது. மலைக்காகச் செய்தார். அதை நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். 'அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதினொரு வருடம் தூங்கினேன்.

சஸ்பெண்ட் முடிந்து அவர் திரும்பி வந்த அன்றைக்கே லேப் நோட்டில் ஸ்கேல் வைத்து ஒரு புதுக் கட்டம் போட்டார். மேலே 'தண்ணீர் துடைக்கப்பட்டது' என்று எழுதினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் துடைத்துவிட்டுத்தான் டிக். நான் சத்தியமாக அவரை அவசரப்படுத்தவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. ஊரில் அவரை 'சாம்பிள் மாத்துனவ' என்றார்கள். பள்ளிக்கூடத்தில் இளவரசியை அதைச் சொல்லியே அழவைத்தார்கள். அந்த வெள்ளக்கடை அம்மா பஸ் ஸ்டாண்டில் இவரைப் பார்த்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார். ஒருமுறை காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்க வந்தவர், "அந்தப் பொம்பளை கை எம்மேல படக்கூடாது" என்றார். புஷ்பலதா அம்மா வேறு ஆளைக் கூப்பிட்டு விட்டுவிட்டு உள்ளே போய் நின்றார். நான் என் அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதும் எழுந்து வரவில்லை. சே, நான் என்ன மனுஷன்!

வருகிற மே மாதம் அவருக்கு ரிட்டயர்மென்ட். அந்த விழாவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். எழுதிக்கூட வைத்திருந்தேன். நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்ல மட்டும் எனக்கு அவசரமே வரவில்லை பாருங்கள்!

செவ்வாய்க்கிழமை அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு லேபுக்குத் திரும்பி வந்தேன். பன்னிரண்டு நோயாளிகளுடைய ஸ்லைடுகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பென்சிலால் அவர் எழுத்து. பதிமூன்றாவது மெழுகுக் கட்டி மெஷினிலேயே இருந்தது. அதன் ரிப்பன் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. சுருக்கமெல்லாம் பிரிந்து, எடுத்துக்கொள் என்பது போலத் தயாராக இருந்தது. "சேலத்துக்கு அனுப்பிடலாமுங்க டாக்டர்" என்றார் தனபால். முடியாது என்றேன். இந்தக் கையாலேயே அதை ஏந்தி எடுத்தேன். பதிமூன்றுக்கும் நானே சாயம் ஏற்றினேன். நீலத்துக்குப் பத்து நிமிடம், அவர் நிற்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். வெளியே எதுவும் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

பிறகு நோட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு டிக். பதிமூன்றாவது கட்டம் காலி. நான் காகிதத்தை எடுத்துத் தண்ணீரைத் துடைத்தேன். குனிந்து வெளிச்சத்தில் பார்த்தேன். மறுபடி துடைத்தேன். ஆனால் அந்தக் கட்டத்தில் டிக் போட எனக்குக் கை வரவில்லை. உண்மையைச் சொல்லாமல் அவர் நோட்டில் கை வைக்க எனக்கு என்ன யோக்கியதை?

அதனால் இந்தச் சபை முன்னால் சொல்கிறேன். அந்த ரிப்போர்ட்டில் நடந்த தப்பு என் தப்பு. துடைக்காதே என்று சொன்னவன் நான். தவறாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். கூப்பிட்டபோது போனை வைத்தவன் நான். இதையெல்லாம் எழுதி இன்று காலை தனபாலிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு என்ன தண்டனை என்று நிர்வாகம் முடிவு செய்யட்டும். அவர் ஃபைலில் அந்த வரியை அடித்து, முதுநிலை டெக்னீஷியன் என்று எழுத வேண்டும். அது வரும் வரைக்கும் நான் விடமாட்டேன். அந்தக் கட்டம் நம் நோட்டில் என்றைக்கும் இருக்கும். இந்த லேபில் எந்த டாக்டரும், நானே ஆனாலும், டெக்னீஷியனை அவசரப்படுத்தினால் வெளியே போகச் சொல்லலாம் என்று எழுதி வாசலில் ஒட்டப்போகிறேன். புஷ்பலதா அம்மாவின் வேலையைத் தொடர்வது என்றால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

வெள்ளையன் அவர்களே, இளவரசி, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்.

கடைசியாக ஒன்று. அந்த வெள்ளக்கடை அம்மா இங்கே வந்திருக்கிறார். அவர் பேர் முத்தாயி. பேர் சொல்லலாமா என்று வாசலில் கேட்டேன். "நான் என்னங்க தப்புப் பண்ணுனேன், சொல்லுங்க" என்றார். நேற்று நான் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டபோது, "அந்தப் பொம்பளை கூட்டத்துக்கு நான் எதுக்குங்க?" என்று கேட்டவர்தான். எதற்கென்று நான் நேற்றுச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

முத்தாயி அம்மா, உங்கள அறுக்கக் கொடுத்தது நானுங்க. உங்கள எழுப்பி ஊட்டுக்கு அனுப்புனது அந்தப் படத்துல இருக்கறவங்க. உங்களக் கட்டாயப்படுத்தலை. மனசு இருந்தா மொத பூவை நீங்க வந்து போடணும்.

தனபால், கொஞ்சம் நாற்காலியை நகர்த்துங்க. அந்தம்மா எந்திரிக்கறாங்க. வழி விடுங்க எல்லாரும். மெதுவா வாங்கம்மா, கீழ படி இருக்குது... இளவரசி, அந்தப் பூத்தட்டை அவங்க கையில குடு சாமி.

அவசரமில்லீங்கம்மா. நின்னு அழுதுட்டே போடுங்க. நான் கடைசி ஆளா வர்றேன்.